கால்வாயில் விட்ட கொடுவா

1

ஜெர்மனியில் மீன் பிடிக்கச் சோதனை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும் என்று சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான், முதல் தடவை பெயிலாகும் வரைக்கும்.

மன்னாரில் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அப்பரும் அண்ணனும் வலை வளைத்தவர்கள். இருபது வயதில் தப்பி ஓடி வரும்வரை எனக்கும் அதுதான் தொழில். அப்படிப்பட்டவனை ஹம் நகரத்தில் ஒரு கந்தோர் அறைக்குள் கூப்பிட்டு, மேசை நிறையத் தூண்டில் தடி, சில்லு, நூல், ஈயக்குண்டு, கொழுக்கி எல்லாம் பரப்பி வைத்து, இன்ன மீனுக்கு எதை எதோடு பூட்டுவாய் என்று ஒரு கண்ணாடிக்காரர் கேட்டார். என் வாழ்நாளில் தூண்டில் தடியைத் தொட்டவன் அல்ல. வலை, இல்லாவிட்டால் கைநூல். தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பிறகு மீன் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். எல்லாம் சேற்று மீன்கள், ஒன்றைப் போலவே ஒன்று. ஒரு படத்தைப் பார்த்ததும் "கொடுவா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கண்ணாடிக்காரர் எதையோ எழுதினார். பெயில்.

அதே அறையில், அதே மேசையில், என் மகள் மெலனி பாஸ். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அடுத்த முறை, பப்பா" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். அந்த வயதில் அவள் என்னோடு பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம். ஆகையால் பெயிலானதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொரு தடவையும் பெயிலாகலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அடுத்த தடவை பாஸாகிவிட்டேன்.

2

மெலனி எட்டு வயதிலிருந்தே என்னுடைய வாய். எனக்குக் கிடைத்த வேலை கம்பி இழுக்கும் தொழிற்சாலையில். அங்கே இயந்திரச் சத்தத்தில் மனிதர் பேசுவதில்லை, கையைத்தான் காட்டுவார்கள். அதனால் இத்தனை வருடத்தில் என் ஜெர்மன் கையளவில் நின்றுவிட்டது. விசாக் கந்தோரில் தெர்மீன் என்று நாள் குறித்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். என் மூலவியாதியை டொக்டருக்கு விளங்கப்படுத்தியது ஒன்பது வயதுப் பிள்ளை. எங்களுக்கு நிரந்தர விசா இல்லை என்று ஒரு அதிகாரி சொன்னபோது அதை முதலில் கேட்டதும் அவள்தான். கேட்டுவிட்டு, எனக்கு எப்படிச் சொல்வது என்று கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கு வயதில் அறைக் கதவு சாத்திக்கொண்டது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். அதுவும் "ம்", "பிறகு", "தெரியாது". மற்றத் தமிழ் வீடுகளிலும் இதே கதைதான் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நெருப்புக் காய்ச்சல் ஊர் முழுக்க என்றால் என் பிள்ளைக்குச் சுடாதா?

ஒரு சனிக்கிழமை, கூடப் படிக்கும் பிள்ளையோடு கால்வாய்க்குப் போனவள் ஒரு மீனைக் கொண்டுவந்து சமையலறைத் தொட்டிக்குள் போட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். முதுகில் இரண்டு செட்டை, முன்னது முள்ளு. பெரிய வாய். கண்ணாடி போட்டமாதிரி மினுங்குகிற கண்.

"அட கடவுளே, இது கொடுவா!"

"நைன், பப்பா. சாண்டர்."

"என்ன சாண்டர்? கொடுவாதான். உப்புத் தண்ணி கிடைக்காமல் வெளுத்துப்போய்க் கிடக்கு."

மெலனி சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மீனுக்குப் பெயர் கொடுவா. அடுத்த கிழமையே சங்கத்தில் சேர அன்ராக் படிவம் நிரப்பச் சொல்லி அவளிடம் கேட்டேன்.

என் மனைவி றீற்றாவுக்கு இது பிடிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஊரிலை உங்கடை தங்கச்சியை வள்ளத்தைத் தொட விட்டனியளோ? தீட்டு எண்டு சொல்லித் துரத்தினியள். இஞ்சை மட்டும் என்ன புதுசாப் பொம்பிளைப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தண்ணிக்கரையிலை நிக்கிறியள்?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"நீர் சும்மா இரும்."

எனக்கு மறுமொழி தெரியாவிட்டால் இதைத்தான் சொல்வேன் என்று றீற்றாவுக்குத் தெரியும்.

3

எங்கள் சங்கத்தில் போட்டி இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கத்துக்காரர் ஆளை மாற்றி ஆள் இதைத்தான் சொல்வார்கள். மீனை வைத்துப் போட்டி நடத்துவது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். ஆகவே அதற்குப் பெயர் "கூட்டு மீன்பிடி". வசந்தம் முடிய, சாண்டர் முட்டையிடும் காலத் தடை நீங்கியதும் தொடங்கி மாரி வரை சில ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு பேர் ஒரு சோடி. பிடித்த மீனை நிறுப்பார்கள், அளப்பார்கள், கூட்டுவார்கள். ஆனால் போட்டி இல்லை. வென்றவருக்குப் பரிசும் இல்லை. கூடப் பிடித்த சோடியை மட்டும் அடுத்த வசந்தத்தில் வட கடலுக்குச் சங்கம் "அழைத்துக்கொண்டு போகும்". ஒரு கிழமை, படகில். போட்டி இல்லாத அந்தப் போட்டியில் கிழவர்கள் ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்த பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும்.

நிறுக்கிற தராசு வெஸல் கையில். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், தண்ணீருக்குக் காவல்காரர் மாதிரி. முதல் நாளே மெலனியை மொழிபெயர்க்க நிறுத்தி எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். அளவுக்குக் குறைந்த மீனைக் கட்டாயம் விட வேண்டும். அளவுக்கு மேற்பட்டதைக் கட்டாயம் விடக்கூடாது. கட்டையால் தலையில் அடித்து, நெஞ்சில் கத்தியால் குத்தி, கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டும். சும்மா பிடித்துச் சும்மா விடுவது மீனைச் சித்திரவதை செய்வது.

றீற்றாவின் தம்பி றெஜி அவுஸ்திரேலியாவில் டார்வினில் இருக்கிறான். அங்கே உண்மையான கொடுவா. அவனும் ஒரு சங்கத்தில் சேர்ந்து, மாதம் ஒரு போட்டி என்று ஆறு ஆறாகத் திரிகிறவன். டெலிபோனில் நான் சொன்ன சட்டத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், இஞ்சை மாறி. அளந்து, போட்டோ எடுத்து, கொஞ்சிப்போட்டு விட்டிடோணும். சாகடிச்சால்தான் குற்றம்."

"அப்ப கறிக்கு?"

"கடையிலை வாங்குறது."

எந்த நாட்டில் இருந்தாலும் எங்கள் ஆட்கள் மற்றவன் சட்டத்தைப் பாடமாக்கியே கிழடாகிறோம். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு எங்களுக்கு நல்ல காலம். நானும் மெலனியும் ஒரு சோடி. முதல் ஞாயிறு வெறுங்கை. அடுத்த தடவை அவள் இரண்டு, நான் ஒன்று. அவளுக்குக் கை ராசி. றப்பரில் செய்த பொய் மீனை அடித்தரையில் துள்ளத் துள்ள இழுப்பாள். கொடுவா றப்பரைத் தின்னுமா என்று நான் நக்கலடித்தேன். தின்றது. புரட்டாதி முடிய நாங்கள் இரண்டாவது இடம். கடைசி ஞாயிறு ஒரு பெரிய மீன் கிடைத்தால் முதலாவது.

மெலனி இரவுச் சாப்பாட்டில் இந்தக் கதையைத் தவிர வேறு கதை கதைக்கவில்லை. கதைத்தாளே, அதைச் சொல்லுங்கள். பாதி ஜெர்மன், பாதி தமிழ்.

"பப்பா, கடலுக்குப் போனவுடனை முதல் என்ன செய்வீங்கள்?"

"முதல் கும்பிடுவன். பிறகு தலை சுத்திச் சத்தி எடுப்பன். இருபது வருசமாக் கடல் பாக்கேல்லைப் பிள்ளை."

"நான் உங்களைப் பிடிச்சுக்கொள்ளுறன்."

அடுத்த வருடம் படிப்பு முடிந்து அவள் வேறு நகரத்துக்குப் போய்விடுவாள். போன பிள்ளைகள் திரும்பி வந்து எங்களோடு இருந்த கதை இந்த ஊரில் இல்லை. எனக்கு அந்த ஒரு கிழமை வேண்டும். கடலில், என் பிள்ளையோடு, நான் ஊமையாக இல்லாத ஒரே இடத்தில். வேறு எதையும் நான் அந்தோனியாரிடம் கேட்கவில்லை.

4

கடைசி ஞாயிறு ஆத்துமாக்களின் திருநாளில் விழுந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றைக்கு எல்லா வீட்டாரும் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இல்லை. என் அண்ணன் பஸ்தியான் அப்படிப் போனவர். மீன்பிடிக்கப் பாடு போனவர் வரவில்லை, வள்ளத்தின் பலகைகூடக் கரை சேரவில்லை. அப்படிப்பட்ட வீட்டார் எங்கள் பக்கத்தில் அன்று விடிய கரையில் நின்று வலை எறிவார்கள். முதலில் படும் மீனை இரண்டு கையாலும் ஏந்தி, போனவரின் பெயரைச் சொல்லி, உயிரோடு தண்ணீரில் விடுவார்கள். பிறகுதான் பூசைக்குப் போவது. அப்பர் இருந்தவரை அவர் விட்டார். பிறகு நான். ஜெர்மனிக்கு வந்த பிறகு கடலும் இல்லை, மீனும் இல்லை. வீட்டில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவதோடு சரி.

மெலனிக்குப் பெரியப்பாவின் படம் தெரியும். மீன் விடுவது தெரியாது. நான் சொல்லவில்லை. பிள்ளை வளரட்டும், தமிழ் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

"அண்டைக்கு ஏன் போறியள்?" என்று றீற்றா கேட்டாள்.

"பூசை பின்னேரந்தானே. வந்திடுவம்."

விடியக் கால்வாயில் பனிப்புகை. ஒரு கரிக்கப்பல் போய் அலை அடங்கியது. என் விரல் விறைத்து நூலைத் தொட்டாலும் தெரியவில்லை. மெலனியின் தடி ஒரேயடியாக வளைந்தது.

"கொடுவா!" என்று தமிழில் கத்தினாள். அக்கம்பக்கத்துக் கிழவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

பத்து நிமிடமோ கூடவோ, அந்த மீன் அவளைக் கரை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு திரிந்தது. "பொறு, இறுக்காதை, ஓட விடு" என்று நான் சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தாள். ஒரு சொல்லுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கடைசியில் அத்தாங்கு வலையைக் கீழே கொடுத்து நான் கோரி எடுத்தேன். என் கை நீளம் இருந்தது. எதிர்க்கரையில் யாரோ கை தட்டினார். வருடத்தின் பெரிய மீன் அதுதான் என்று பார்த்த எவருக்கும் தெரியும். மெலனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகு அளக்கிற பாயையும் அடிக்கிற கட்டையையும் எடுக்கப் பைக்கு ஓடினாள்.

நான் மண்டியிட்டுக் கொழுக்கியைக் கழற்றினேன். மீன் என் இரண்டு கையிலும் கிடந்தது. செவுள் திறந்து திறந்து மூடியது. நகரத்துக் கோயிலில் மணி அடித்தது. அன்றைய முதல் மீன். நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருப்பேனா என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். கை தானாகக் கீழே போனது. "பஸ்தியான் அண்ணை" என்று சொன்னேன். மீன் கைக்குள்ளேயே கொஞ்சநேரம் நின்று, வாலை ஒருதடவை அசைத்து, போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன், இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. திரும்பிப் பார்க்கும் வரைக்கும் இருந்தது.

மெலனி ஒரு கையில் பாயும் மற்றக் கையில் கட்டையுமாக நின்றாள்.

"எங்கை?"

"விட்டிட்டன்."

"என்ன?"

"பெரியப்பாவுக்குப் பிள்ளை. இண்டைக்கு அவற்ரை நாள். முதல் மீன் அவருக்கு."

அவள் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் விளையாடுகிறேன், எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று இன்னும் ஒரு நினைப்பு அவள் முகத்தில் இருந்தது. அது போவதை நான் பார்த்தேன்.

"அது என்ரை மீன், அப்பா."

பப்பா இல்லை, அப்பா. ஒரு ஜெர்மன் சொல்லும் கலக்காமல் சொன்னாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பிடிக்காத மீனை நான் விட்டிருக்கிறேன். எங்கள் முறையில்கூட அது இல்லை. அவரவர் மீனைத்தான் அவரவர் விடலாம்.

வெஸல் தராசோடு சிரித்துக்கொண்டு வந்தார். மீன் எங்கே என்று கேட்டார். எதிர்க்கரையில் கை தட்டிய ஆள், விட்டதையும் பார்த்திருந்தார். அங்கிருந்து கையால் காட்டினார். வெஸலின் சிரிப்பு நின்றது. ஏன் விட்டாய் என்று என்னைக் கேட்டார்.

வழக்கம்போல நான் மெலனியைப் பார்த்தேன். "சொல்லு பிள்ளை. பெரியப்பாவின்ரை கதையைச் சொல்லு."

மெலனி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் ஜெர்மனில் சொன்னாள்: "அவரிடமே கேளுங்கள்."

எட்டு வயதிலிருந்து எத்தனை கந்தோர், எத்தனை டொக்டர். ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

வெஸல் காத்துக்கொண்டு நின்றார். "மைன் ப்ரூடர்" என்றேன். என் அண்ணன். பிறகு கால்வாயைக் காட்டி "வாஸர்" என்றேன். தண்ணீர். கிழவர் பதறிப்போய், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று கரையோரமாக ஓடிப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

5

எங்கள் சோடியை அந்த வருடக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பு பிடித்ததும் சேர்த்துப் போய்விட்டது. என்னைச் சங்கத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். வெஸல் அதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். றீற்றா சுட்ட ரோல்ஸில் இரண்டைத் தின்றார். அதற்குள் யாரோ அவருக்கு என் அண்ணன் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். மெலனியாகத்தான் இருக்கும். போகும்போது வாசலில் நின்று, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: உன்னுடைய மீனாக இருந்திருந்தால் நான் மற்றப் பக்கம் பார்த்திருப்பேன்.

தலையை ஆட்டினேன்.

றீற்றாதான் விடாமல் பேசினாள். "செத்த மனுசன் மீன் கேட்டவரே? உயிரோடை கிடக்கிற பிள்ளை கேட்டது." நீர் சும்மா இரும் என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. டார்வினிலிருந்து றெஜி, "இஞ்சை எண்டால் விட்டதுக்குக் கப் தந்திருப்பாங்கள் அத்தான்" என்றான். அவனுக்கு எல்லாம் பகிடி.

மெலனிக்குச் சங்கத்தில் இடம் இருந்தது. அவள் போகவில்லை. தடியை நிலவறையில் வைத்துப் பூட்டினாள். கோபித்துக் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. மரியாதையாக நடந்துகொண்டாள். "ம்", "பிறகு", "தெரியாது". எனக்குக் கடிதம் வந்தால் இன்னும் வாசித்துச் சொன்னாள், கந்தோருக்கு வந்தாள், வேலையாள் மாதிரி. இலையுதிர் காலத்தில் கீல் நகரத்துக்குப் படிக்கப் போனாள். அங்கே கடல் இருக்கிறது. அதனால் போனாளா என்று நான் கேட்கவில்லை.

6

இன்றைக்குத் திரும்பவும் ஆத்துமாக்களின் திருநாள். ஊரில் போர் முடிந்த இந்த வைகாசிக்குப் பிறகு எங்கள் பூசையில் பெயர்களை வாசிப்பதில்லை. வாசித்து முடிக்க ஏலாது என்று சாமியார் நிறுத்திவிட்டார். எல்லோரும் ஒன்றாகக் கொளுத்திவிட்டு வந்துவிட்டோம். கல்லறை இல்லாதவர்கள் இப்போது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது என் கைத்தொலைபேசிக்கு மெலனி ஒரு படம் அனுப்பியிருந்தாள். படகு. பின்னால் சாம்பல் நிறக் கடல். நீலச் சட்டையோடு அவள், கையில் ஒரு நல்ல மீன். நான் பார்த்துப் பார்த்து, பிறகு துணிந்து நானே அவளை அழைத்தேன்.

"படம் வந்துது, பிள்ளை. நல்ல மீன். எப்ப போனனீங்கள்?"

"இண்டைக்கு விடிய. பிரெண்ட்ஸோடை."

"சத்தி எடுத்தனியோ?"

"இல்லை." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"கடலிலை முதல் மீனோ?"

"ஓம்."

"என்ன செய்தனீ?"

"சாப்பிட்டம். நல்லா இருந்துது."

இன்றைக்கு என்ன நாள் என்று அவளுக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் படம் அனுப்பினாளா, நினைக்காமல் அனுப்பினாளா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க வாய் வரவில்லை. வேறொன்று வந்தது. பகிடியாகத்தான் கேட்டேன். பகிடி மாதிரிக் குரலையும் வைத்துக்கொண்டேன்.

"நான் செத்தால் எனக்கொரு மீன் விடுவியோ?"

அந்தப் பக்கத்தில் கடற்பறவைகளின் சத்தம் கேட்டது. அவள் யோசித்தாள். சின்ன வயதில் கந்தோர்களில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசிப்பாளே, அதே அளவு நேரம்.

"பப்பா, அது இஞ்சை தடை எல்லோ," என்றாள். கோபம் இல்லை, நக்கல் இல்லை. எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"ஓம், ஓம். சரிதான்," என்றேன்.

பிறகு, சாப்பிட்டியோ என்று கேட்டேன்.

"இப்பதானே சொன்னன், பப்பா. சாப்பிட்டம்."